ஒரு எழுத்துக்காக நிறுத்திய டிஸ்சார்ஜ்

குழப்பும் ஆங்கிலச் சொற்களின் பட்டியல் ஒன்று என்னிடம் இருப்பதாக யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். ரெக்கார்ட்ஸ் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே நீங்கள் ஆறு பேரும் சேர்ந்து அதைக் கேட்டுச் செய்தி அனுப்பினீர்கள். பட்டியல் இருக்கிறது. இரண்டு நீள நோட்டுகள். பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பியும் விட்டேன். அனுப்பிய பிறகுதான் மனசு ஒப்பவில்லை. அந்த நோட்டில் சிவப்பு மையில் இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கும் ஒரு ஜோடியில்தான், ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்பு, நான் வழுக்கி விழுந்தேன். நோட்டு மேசை டிராயரில்தான் இருந்தது. திறந்து பார்த்துவிட்டே விழுந்தேன். அதைச் சொல்லாமல் பட்டியலை மட்டும் கொடுப்பது சரியில்லை.

நான் கொள்ளேகாலத்துக்காரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். ஆங்கிலம் வாரத்துக்குச் சில மணி நேரம் வந்து போகும் பாடம். கல்யாணமாகி மைசூருக்கு வந்ததும், டைப்பிங் தெரியும் என்பதால் இந்த மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு, நோயாளி கையோடு வீட்டுக்குக் கொண்டுபோகும் அறிக்கையாக அடித்துத் தரும் வேலை. அப்போது கேசட்டில் வரும். இப்போது டாக்டர் போனில் பேசுகிறார், மென்பொருள் முதலில் எழுதிவிடுகிறது, நாம் கேட்டுத் திருத்துகிறோம். வேலை சுலபமாகிவிட்டது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. முன்பெல்லாம் புரியாத இடத்தில் நாங்கள் கோடு போட்டுக் காலியாக விடுவோம். மென்பொருள் காலியிடமே விடுவதில்லை. தெரியாது என்று சொல்ல அதற்குத் தெரியாது.

சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இலியம் என்றொரு சொல். சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் பெயர். இலியம் என்று இன்னொரு சொல். அது இடுப்பெலும்பு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன, காதில் விழுவதும் ஒன்றாகத்தான் விழும். ஆங்கிலத்தில் நடுவில் ஒரே ஓர் எழுத்து மாறும். குடலில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கு, இடுப்பெலும்பில் அரையடி வெட்டி எடுத்துவிட்டுத் தையல் போட்டதாக நான் அடித்துவிட்டேன். சர்ஜன் கோபப்படவில்லை. அறிக்கையை மேசைமேல் வைத்து, "இது எங்கே இருக்குன்னு உங்க உடம்புல தொட்டுக் காட்டுங்க" என்றார். எனக்குத் தெரியவில்லை. கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிற நிலையில் நின்றேன்.

பக்கத்து மேசையில் என்னைவிட மூத்த பெண்மணி ஒருவர் இருந்தார். பெயரை எழுதினால் இப்போதும் கோபித்துக்கொள்வார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர், பேச்சில் பாதி கன்னடம். அவர்தான் அன்று என்னை எழுப்பி நிற்க வைத்தார். "இந்த ஸ்பெல்லிங் அடிக்கறப்போ இடுப்புல கை வை. அந்த ஸ்பெல்லிங்குக்கு வயித்துல கை வை. யாரு பார்த்தாலும் பரவால்ல. எழுத்தை மனப்பாடம் பண்ணினா மறந்துடும் மாராய்த்தி" என்றார். மாராய்த்தி என்பது செல்லமாகத் திட்டும் கன்னடச் சொல். பல வருடம் அப்படியே செய்தேன். வயிற்றிலும் இடுப்பிலும் மாறி மாறிக் கை வைத்துக்கொண்டு டைப் அடிக்கும் பெண்ணைப் பார்த்து, புதிதாக வருபவர்கள் எனக்கு ஏதோ தீராத வலி என்று நினைத்திருப்பார்கள்.

இனி அந்த வியாழக்கிழமை.

காலை பதினொரு மணிக்கு என் வரிசையில் ஒரு டிஸ்சார்ஜ் அறிக்கை வந்தது. நோயாளி பெயர் மாதையன், ஊர் மார்டள்ளி, விவசாயி. மூளையில் ரத்தக்குழாய் அடைத்து வலது கையும் காலும் விழுந்துபோய், ஹனூரிலிருந்து ஆம்புலன்ஸில் வந்தவர். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு வாரம் இருந்துவிட்டு முந்தின நாள் மாலைதான் பொது வார்டுக்கு மாறியிருந்தார். அன்று மதியம் வீடு.

நரம்பியல் டாக்டர் காரில் வந்துகொண்டே பேசியிருந்தார். எல்லாம் தெளிவாக இருந்தது, ஒரு வாக்கியத்தைத் தவிர. நோயாளிக்கு லேசான இன்னது மிச்சம் இருக்கிறது, அதற்கேற்ப அறிவுரை சொல்லப்பட்டது என்று வாக்கியம். அந்த 'இன்னது' வரும் இடத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. "டிஸ்பே" கேட்கிறது, கடைசி "யா" கேட்கிறது. நடுவில் ஹாரன்.

உங்களுக்கு அனுப்பிய நோட்டில் முதல் பக்கத்திலேயே இருக்கும். டிஸ்பேஜியா என்றால் விழுங்குவதில் சிரமம். டிஸ்பேஸியா என்றால் பேசுவதில், பேச்சைப் புரிந்துகொள்வதில் சிரமம். ஒன்றில் ஜி, மற்றதில் ஸி. பக்கவாத நோயாளிக்கு இரண்டும் வரக்கூடியவை. அதனால் வாக்கியத்தின் பொருளை வைத்து எது சரி என்று சொல்லவும் வழியில்லை. மென்பொருள் எந்தச் சந்தேகமும் இல்லாமல் ஸி என்று எழுதியிருந்தது.

ஒன்பது முறை கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கு ஜி என்று கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஸி. ஹெட்போனை மாற்றிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவரைக் கேட்கச் சொன்னேன். அவர் ஒரு தடவை கேட்டுவிட்டு, "ஸிதான்" என்றார். இன்னொரு தடவை கேட்கச் சொன்னதும், "நீங்க கேட்டப்புறம் எனக்கும் ஜி மாதிரி இருக்கு" என்றார்.

டாக்டரைக் கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது. ஆஞ்சியோ அறையில் இருக்கிறார், இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். நோயாளியின் பழைய தாள்களைத் திறந்தேன். அவசர சிகிச்சைப் பிரிவில் எழுதிய முதல் குறிப்பில், நோயாளி பேசவில்லை, சொல்வதைப் புரிந்துகொள்ளவில்லை என்று இருந்தது. அப்படியானால் ஸி. அடுத்த தாளில், மூக்கில் போட்டிருந்த உணவுக் குழாய் மூன்று நாள் முன்புதான் எடுக்கப்பட்டது என்று இருந்தது. அப்படியானால் ஜி. இன்னொன்றில் பேச்சுப் பயிற்சியாளர் வந்து பார்த்ததாக ஒரு வரி. அதைப் பார்த்து நிம்மதியானேன். பிறகுதான் நினைவு வந்தது, நம் மருத்துவமனையில் விழுங்கும் பயிற்சி கொடுப்பதும் அதே பயிற்சியாளர்தான்.

இந்த இடத்தில் காலியிடம் விட்டிருக்க வேண்டும். விட்டிருந்தால் உங்களுக்கு எழுத எனக்கு இன்று கதை இருந்திருக்காது. டிஸ்சார்ஜ் கவுண்டரிலிருந்து மூன்றாவது முறை கூப்பிட்டார்கள். அவசரப் பிரிவில் ஒருவர் ஸ்ட்ரெச்சரில் காத்திருக்கிறார், படுக்கை வேண்டும் என்றார்கள். முதல் குறிப்பில் பேசவில்லை என்று தெளிவாக இருக்கிறதே, மென்பொருளும் அதையே சொல்கிறதே, இரண்டு சாட்சி இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஸி இருந்தது இருந்தபடி விட்டேன். உணவு என்ற கட்டத்தில் டாக்டர் எதுவும் சொல்லாததால் 'வழக்கமான உணவு' என்று தானாக விழுந்ததையும் தொடவில்லை. பேச்சுப் பயிற்சித் தாள் ஒன்றைச் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

அனுப்பியதும் குழப்பம் தீர வேண்டும் அல்லவா? தீரவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கவுண்டரிலிருந்து மஞ்சுநாத் கூப்பிட்டான். "கமலா மேடம், ஒரு உதவி. மார்டள்ளி பேஷண்ட். அவங்க வீட்டம்மாவுக்கு நான் கன்னடத்துல சொல்றது சரியாப் போய்ச் சேரல. நீங்க தமிழ்ல பேப்பரைப் படிச்சுச் சொல்லிட்டா அனுப்பிடலாம்."

தமிழ் தெரிந்தவர் வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அது வழக்கம்தான். நான் அடித்த தாளையே நான் வாசித்துக் காட்டப் போவது மட்டும் அதுவரை நடந்ததில்லை.

மாதையன் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை மாற்றித் தயாராக இருந்தார். அவர் மனைவி பொன்னம்மா பைகளைக் கட்டி வரிசையாக வைத்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய, வெயிலில் வேலை செய்து இறுகிய உடம்பு. நான் தமிழில் பேசியதும் அவருக்கு முகமே மாறிவிட்டது.

"அப்பாடா, நம்ம பேச்சுப் பேசறவீங்க ஒருத்தராச்சும் வந்தீங்களே. உக்காருங்க அம்மிணி."

தாளைப் பிரித்தேன். மருந்துகளைச் சொன்னேன். எப்போது மறுபடி வர வேண்டும் என்று சொன்னேன். பிறகு அந்த வரி. "உங்க வீட்டுக்காரருக்குப் பேச்சுல மட்டும் கொஞ்சம் தடங்கல் இருக்கும். வார்த்தை சட்டுன்னு வராது. நாம சொல்றது புரியறதுக்கும் கொஞ்சம் நேரமாகும். பயிற்சி குடுத்தா சரியாகும்னு டாக்டர் எழுதியிருக்கார்."

பொன்னம்மா என்னைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"பேச்சுங்களா? அவரு நல்லாத்தானுங்க பேசறாரு."

"கொஞ்சம் குழறுமே..."

"கொழறல் ஒண்ணுமில்லீங்க. காத்தால இருந்து மாட்டுக்குத் தண்ணி காட்டுனாங்களான்னு எட்டு வாட்டி கேட்டுப்புட்டாரு. நீங்களே கேளுங்க."

மாதையன் என் பக்கம் திரும்பினார். குரல் மெலிந்து, ஈரமாக இருந்தது. வார்த்தைகள் சுத்தமாக இருந்தன. "எனக்கென்னுங்க பேச்சுக்குக் கொறை? கையும் காலுந்தான் சொன்னபடி கேக்க மாட்டேங்குது."

பக்கத்துப் படுக்கையில் ஊசி போட்டுக்கொண்டிருந்த சிஸ்டர் ரூபாவைப் பார்த்தேன். அவர் கன்னடத்தில் சொன்னார். "நீங்க எழுதினது சரிதான் மேடம். நேத்து சாயங்காலத்துல இருந்து ஒரு வார்த்தை பதில் சொல்லல. என்ன கேட்டாலும் மூஞ்சியைத்தான் பார்க்கறாரு. வேணும்னா பாருங்க." பக்கத்தில் வந்து குனிந்து, "நிம்ம ஹெசரு ஏனு?" என்று பெயரைக் கேட்டார்.

மாதையன் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிலில்லை. கை எது, கால் எது என்று கேட்டார். பதிலில்லை. தெரியாத ஊரில் இறங்கியவர் பஸ் பலகையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அவருக்குக் கன்னடம் தெரியாதுங்களா?" என்று பொன்னம்மாவிடம் கேட்டேன்.

"ஏன் தெரியாது? எனக்குத்தான் அரையும் கொறையும். இவரு கொள்ளேகால் சந்தையில கன்னடத்துலதான பேசி எல்லாம் விப்பாரு. பட்டுக்கூடு வாங்க வர்றவீங்க இவரைக் கன்னடக்காரருன்னே நெனைப்பாங்க." அதுவரை அவருக்கே தோன்றியிராத ஒன்று அப்போது தோன்றியது என்று முகத்தில் தெரிந்தது. "இங்க வந்ததுல இருந்து கன்னடம் பேசி நான் கேக்கலீங்க."

நான் எங்கே நிற்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. பேச்சு இருக்கிறது, ஆகவே ஸி தப்பு. கன்னடம் போய்விட்டது, ஆகவே ஸி சரி. ஒரு மனிதனுக்குத் தெரிந்த இரண்டு பேச்சில் ஒன்று மட்டும் போகுமா? அல்லது வீட்டுக்குப் போகும் அவசரத்தில் வீம்புக்குப் பேசாமல் இருக்கிறாரா? இதையெல்லாம் முடிவு செய்ய நான் யார்? டைப் அடிக்கிறவள்.

அதற்குள் பொன்னம்மா தாளை என்னிடமிருந்து வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். "சாப்பாட்டுக்கு என்ன எழுதியிருக்குதுங்க? ஊட்டுக்குப் போனதும் களி கிண்டிக் குடுக்கலாங்களா? மூணு நாளாக் கஞ்சியைக் குடிச்சுக் குடிச்சு, களி களின்னு உசுரை எடுக்கறாரு."

உங்களுக்குத் தெரியும், ராகிக் களியை யாரும் மெல்வதில்லை. உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்குவது. தாளில் வழக்கமான உணவு என்று இருந்தது. மார்டள்ளிக்காரருக்கு வழக்கமான உணவு களிதான்.

"காலையில என்ன சாப்பிட்டார்?"

"ரெண்டு இட்டிலி. அங்க உள்ளார இருந்தவரைக்கும் நர்சம்மாங்களே கரைச்சு ஊட்டுனாங்க, என்னைய விடலை. இன்னைக்குத்தான் நான் குடுத்தேன். அடிக்கடி பொறை ஏறுது. எங்க மக நெனைச்சுக்கிட்டே இருப்பாளாட்ட இருக்குது." சொல்லிக்கொண்டே டம்ளரில் தண்ணீர் எடுத்து அவர் வாயில் வைத்தார். "குடிங்க, வண்டியில தாகமெடுக்கும்."

மாதையன் ஒரு வாய் குடித்தார். இரண்டு நொடி ஒன்றுமில்லை. பிறகு இருமல் பிடித்தது. கண்ணில் நீர் வந்து, முகம் சிவந்து, சிஸ்டர் ரூபா ஓடிவந்து முதுகை நிமிர்த்திப் பிடிக்கும்வரை நிற்கவில்லை. நின்ற பிறகு அவர் ஏதோ சொன்னார். அந்த ஈரக் குரல் இன்னும் ஈரமாகியிருந்தது.

புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று என் வீட்டிலும் சொல்வோம். அதனால்தான் பொன்னம்மா காலையிலிருந்து நான்கு முறை அதைப் பார்த்தும் யாரிடமும் சொல்லவில்லை. நினைப்பு என்று எடுத்துக்கொண்டார்.

அவர் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டேன். "இது இன்னும் முடியலீங்க. கொஞ்சம் பொறுங்க. அதுவரைக்கும் தண்ணிகூடக் குடுக்காதீங்க."

மஞ்சுநாத் கவுண்டரிலிருந்து எழுந்தே வந்துவிட்டான். "மேடம், வேண்டாம். படுக்கையை வேற பேருக்கு மாத்தியாச்சு. வண்டிக்காரர் இருட்டறதுக்குள்ள ஹனூரைத் தாண்டணும்னு கத்தறாரு. ஒரு ஸ்பெல்லிங்தானே? அப்புறம் திருத்தி வாட்ஸ்அப்ல அனுப்பிடலாம்." அவன் கெட்டவன் இல்லை. ஸ்ட்ரெச்சரில் காத்திருப்பவரும் ஒரு மனிதர்தான். அவருக்கும் அந்தப் படுக்கை தேவை. அவன் சொன்னதில் தவறு எங்கே என்று அந்த நேரத்தில் எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. தாளைக் கொடுக்காமல் நின்றேன், அவ்வளவுதான் செய்ய முடிந்தது. டியூட்டி டாக்டர் வந்தார். சின்ன வயது. பேச்சு, புரை இரண்டையும் பற்றிக் கேட்டுவிட்டு, "எனக்கு இவரை இன்னிக்குத்தான் தெரியும், பெரிய டாக்டரைக் கேட்காம நான் மாத்த முடியாது" என்றார். அவர் அப்படிச் சொன்னதற்கு இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை.

ஆஞ்சியோ அறையின் தரைவழித் தொலைபேசிக்குப் போட்டேன். டெக்னீஷியன் ரிசீவரை டாக்டர் காதில் வைத்தார்.

"சார், மாதையன் ரிப்போர்ட்ல ஒரு சந்தேகம். ஜி-யா, ஸி-யா?"

இரைச்சலில் அவர் ஒன்று சொன்னார். ஜியா ஸியா என்று எனக்கு மறுபடியும் தெரியவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடி அதே மாதிரி ஒரு சத்தம். எழுத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தால் சாயங்காலம் வரை இப்படியேதான் போகும் என்று அப்போதுதான் உறைத்தது.

"சார், சாப்பாடா பேச்சா? அவருக்குக் கஷ்டம் எதுல?"

"சாப்பாடு. தொண்டை. விழுங்கறதுல," என்றார். "பேச்சு நல்லா இருக்கே. தினமும் காலையில என்கிட்டே அரைமணி நேரம் தமிழ்ல கதை பேசறாரு."

டாக்டர் கன்னடக்காரர். ஆனால் கோயம்புத்தூரில் படித்தவர். தமிழ் பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் தமிழில் கேட்டார், மாதையன் தமிழில் சொன்னார், ஆகவே அவருக்குப் பேச்சில் குறை தெரியவில்லை. நர்சுகள் கன்னடத்தில் கேட்டார்கள், பதில் வரவில்லை, ஆகவே அவர்களுக்குப் பேச்சே இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் கண்டதை மற்றவரிடம் சொல்லவில்லை, அவ்வளவே.

"சார், கன்னடத்துல கேட்டா அவருக்கு ஒண்ணுமே புரியல. முன்னால நல்லாப் பேசுவாராம்."

"டிஸ்சார்ஜை நிறுத்துங்க. முடிச்சிட்டு வரேன்."

அவசரப் பிரிவில் காத்திருந்தவருக்குப் பக்கத்து வார்டில் சிஸ்டர் ரூபாவே தேடி ஒரு படுக்கை கண்டுபிடித்தார். வண்டிக்காரர் திட்டிக்கொண்டே போனார். டாக்டர் மூன்று மணிக்கு வந்து, முதலில் தமிழிலும் பிறகு கன்னடத்திலும் ஒரே கேள்விகளைக் கேட்டார். தமிழுக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்ன மனிதர் கன்னடத்துக்கு அப்படியே உறைந்துபோவதை நாங்கள் ஐந்து பேர் சுற்றி நின்று பார்த்தோம். சில பேருக்கு அப்புறமாகக் கற்ற மொழி போகும், தாய்மொழி நிற்கும், சில பேருக்குத் தலைகீழாகவும் நடக்கும் என்றார் டாக்டர். ஏன் என்று நான் கேட்டேன். "முழுசா எனக்கும் தெரியாதும்மா" என்றார்.

பிறகு என்னிடம், "ரெண்டையும் எழுதுங்க" என்றார். நான் அவர் முன்னாலேயே அடித்தேன். முதலில் ஜி. அடுத்த வரியில் ஸி. அந்த இரண்டு சொற்களையும் ஒரே அறிக்கையில் அடுத்தடுத்து, வேண்டுமென்றே அடித்தது என் வேலையில் அது ஒரே முறைதான்.

மாதையன் இன்னும் இரண்டு நாள் இருந்தார். பயிற்சியாளர் பொன்னம்மாவுக்கு எப்படி உட்கார வைப்பது, எப்படிக் கெட்டியாகக் கரைப்பது, எந்த அளவு கரண்டி என்று கற்றுக்கொடுத்தார். நான் நடுவில் நின்று தமிழில் சொன்னேன். களி இப்போதைக்கு ஆகாது என்றதும் மாதையன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். புரை ஏறினால் அது நினைப்பு இல்லை, நுரையீரலுக்குள் போகும் தண்ணீர் என்று சொன்னதும், பொன்னம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"தெரியாம நாலு தடவை குடுத்தனே."

"உங்க மேல தப்பில்லீங்க. பேப்பர்ல எழுதலை."

"இதையெல்லாம் ஆருங்க எழுதறது? டாக்டருங்களா?"

சொல்லாமல் தப்பித்திருக்கலாம். டாக்டர்தான் என்று சொன்னால்கூட அது பாதி உண்மை. "நான்தாங்க எழுதினேன். தப்பா எழுதிட்டேன்."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். கோபமா, குழப்பமா என்று எனக்குப் பிடிபடவில்லை. "நீங்களே எழுதி, நீங்களே புடுங்கிட்டீங்களாக்கும்?" என்றார். கரண்டியை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார். மன்னித்தார் என்று உங்களிடம் சொல்ல எனக்கு ஆசைதான். தெரியாது.

மருத்துவமனையில் என்னைப் பாராட்டினார்கள். தவறைப் பிடித்தவள் என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கை தட்டினார்கள். மென்பொருள் செய்த தவறு என்று குறித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கைதட்டலை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மென்பொருள் எழுதியது உண்மை. ஒன்பது முறை கேட்டுவிட்டு அதற்குக் கையெழுத்துப் போட்டவள் நான்.

தரப் பிரிவிலிருந்து ஒரு படிவம் வந்தது. என்ன நடந்தது, என்ன காரணம், யார் பொறுப்பு. காரணம் என்ற கட்டத்தில் 'ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள்' என்று எழுதிவிடுங்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள் என்றார்கள். எழுதலாம்தான். ஆனால் அந்தச் சொற்கள் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒரே மாதிரிதான் ஒலிக்கின்றன. மூன்று வாரம் அந்தப் படிவம் என்னிடமே கிடந்தது.

அந்த மூன்றாவது வாரத்தில் மாதையன் மறுபரிசோதனைக்கு வந்தார். கோல் ஊன்றி நடந்தார். சிஸ்டர் ரூபா எனக்குப் போன் செய்து வரச்சொன்னார். நான் போனபோது அவர் மாதையனுக்கு நேரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மெதுவாக, "ஊட்ட ஆய்தா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பாடு ஆயிற்றா என்று. மாதையன் அவர் உதட்டைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. பொன்னம்மா புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுவர்க் கடிகாரத்தில் நிமிடமுள் நகர்வதை நான் பார்த்தேன்.

"ஆய்த்து," என்றார் மாதையன்.

சொல்லிவிட்டு உடனே என் பக்கம் திரும்பி, சந்தேகத்தோடு தமிழில் கேட்டார். "நான் சொன்னது கன்னடந்தானுங்களே அம்மிணி?"

"கன்னடந்தாங்க," என்றேன்.

களி சாப்பிட ஆரம்பித்தாரா என்று பொன்னம்மாவிடம் கேட்டேன். இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்று பயிற்சியாளர் சொல்லியிருப்பதாகச் சொன்னார். "கஞ்சியைக் கெட்டியாக் காச்சி, களின்னு சொல்லித்தான் குடுக்கறேன். தெரிஞ்சுக்கிட்டே சாப்புடறாரு."

மாடிக்கு வந்து படிவத்தை எடுத்து முன்னால் வைத்தேன். என் மனதில் காரணம் தமிழில் முதல் நாளிலிருந்தே தயாராக இருந்தது. நான் சரியாகக் கேட்கவில்லை. அதை ஆங்கிலத்தில் எழுதப் போனபோதுதான் பேனா நின்றது. தமிழில் காதால் கேட்பதும் கேட்பதுதான், இன்னொருவரிடம் போய்க் கேட்பதும் கேட்பதுதான். ஆங்கிலத்தில் அவை வேறு வேறு சொற்கள். இரண்டில் ஒன்றைத்தான் அந்தக் கட்டத்தில் எழுத முடியும்.

அன்று ஹாரன் அடித்தது என் குற்றமில்லை. அதற்குமேல் எந்தக் காதாலும் கேட்டிருக்க முடியாது. ஆனால் வார்டு இரண்டு மாடி கீழே இருந்தது. அவர் மனைவி அங்கேதான் உட்கார்ந்திருந்தார். மஞ்சுநாத் கூப்பிடாமல் இருந்திருந்தால் நான் இறங்கியே இருக்க மாட்டேன். 'டிட் நாட் ஆஸ்க்' என்று எழுதினேன். யார் பொறுப்பு என்ற கட்டத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.